கடைசி ரெயிலுக்கு ஒரு வரவுப் பாட்டு

பெற்றோல் செட்டுகளில் சனம் வரிசையில் பாய் விரித்துப் படுத்துக் கிடந்த வருஷத்தில், ஈஸ்டர் முடிந்த கிழமை, தலைமன்னார் ஸ்டேசனுக்குக் கடல் பக்கத்திலிருந்து ஒரு ரெயில் வந்தது. அந்தப் பக்கத்தில் தண்டவாளம் பழைய இறங்குதுறையோடு முடிந்துவிடும், அதற்கு அப்பால் தண்ணீர்தான். ரெயிலின் சக்கரங்கள் நனைந்திருந்தன, படிகளில் பாசி தொங்கியது, பெட்டிகளுக்குள் ஒருவரும் இல்லை. பாரை மீன் அன்று கிலோ ஆயிரத்து இருநூறு, சூடை எண்ணூறு, ஐஸ் காசு கொடுத்தாலும் இல்லை. ரெயிலை ஓட்டி வந்தவர் யார் என்று ஒருவரும் பார்க்கவில்லை. டிக்கெட் கேட்க ஆள் இல்லை என்பதை மட்டும் எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

அதை வரவழைத்தவள் மினோரி என்ற ஜப்பான் பிள்ளை. அவள் வந்து சேர்ந்த கதை பெரிய கதை அல்ல. ஜப்பானின் வடகரையில் ஒரு சின்னப் பட்டணத்தில், பள்ளிக்கூடச் சீருடையைக் கழற்றாமலே கட்டிலில் இருந்து கிற்றார் வாசித்து, பதினேழு வயதில் ஒரு பாட்டுக் கட்டினாள். ‘கடைசி ரெயில் போய்விட்டது, நான் மட்டும் நிற்கிறேன், என்னை யாருக்கும் தெரியாது, எனக்கே தெரியாது’ என்று அது போகும். அந்த வயதில் எல்லோருக்கும் இப்படி ஒரு பாட்டு வருவதுண்டு, வயிறு நிறையச் சாப்பிட்டால் போய்விடும். மினோரியின் பாட்டை இலட்சக்கணக்கானோர் ஃபோனில் கேட்டுவிட்டபடியால் அது போகவில்லை. பாட்டுக் கம்பனி ஒன்று அவளைப் பிடித்துக்கொண்டு அடுத்ததைக் கட்டு என்றது. அடுத்ததும் ‘நான்’ என்று தொடங்கியது. அதற்கடுத்ததும் அப்படித்தான். கேட்பவர்கள் குறையக் குறைய, உலகத்தைப் பார்த்துவிட்டு வா என்று கம்பனி அவளை ஒரு தொண்டு நிறுவனத்திடம் ஒப்படைத்தது. அந்த நிறுவனத்தின் கையில் அப்போது மிச்சமிருந்த உலகம் தலைமன்னார் ஒன்றுதான். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கை கழுவும் பாட்டுச் சொல்லிக்கொடுப்பது அவளுடைய வேலை. பிள்ளைகள் ஒரு கிழமையில் பாட்டைப் பாடமாக்கினார்கள். பைப்பில் தண்ணீர் வரப்பண்ணுவது வேறொரு நிறுவனத்தின் பொறுப்பு, அவர்கள் இன்னும் வரவில்லை.

அவள் தங்கியது ஸ்டேசனுக்குப் பக்கத்து வளவில், சிவராணியின் வீட்டில். சிவராணி மலைநாட்டிலிருந்து எழுபதுகளில் பெயர்ந்து வந்த குடும்பத்துப் பிள்ளை, வாடியில் கருவாடு காயப்போடும் கூலி வேலைக்குப் போகிறவர். வீட்டில் அவரும், சுவரில் மாட்டிய மகனின் படமும்தான். வாடகைக்கு ஒரு அறை, சோறு, அதோடு மன்னார்த் தமிழும் மலைநாட்டுத் தமிழும் கலந்த பேச்சு, இவை மூன்றும் மினோரிக்கு அந்த வீட்டில் கிடைத்தன. ஒரு நாள் பின்னேரம், டீசல் இல்லாமல் கிழமைக்கு ஒன்றாகக் குறைந்துவிட்ட மன்னார் ரெயிலை அவள் தவறவிட்டாள். பிளாட்ஃபோமில் இருந்துகொண்டு, வேறென்ன செய்வது, அந்தப் பழைய பாட்டைப் பாடினாள்.

அதே பிளாட்ஃபோமில் யேசுதாசனின் ஆட்கள் திருநாளுக்குக் கூத்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். யேசுதாசன் ஐஸ் கடை முதலாளி. வருஷா வருஷம் கூத்தைப் பழக்கி மேடையேற்றும் அண்ணாவியாரும் அவரே. ஸ்டேசனில் பழகுவதற்குக் காரணம், அங்கே சீமெந்துத் தரை மட்டமாக இருக்கும், லைற் செலவு அரசாங்கத்துடையது. கூத்தில் ஒரு பாத்திரம் மேடைக்கு வருமுன் அதற்குரிய வரவுப் பாட்டுப் படிக்கவேண்டும். வருகிறவன் யார், எப்படி நடப்பான், என்ன உடுத்திருப்பான் என்று அது சொல்லும். முன்பாட்டுக்காரர் ஒரு வரி படிக்க, பிற்பாட்டுக்காரர் அதைத் திருப்பிப் படிப்பார்கள். ஆள் திரைக்கு வெளியே வரும்வரைக்கும் நிறுத்தக்கூடாது. ஒரு வருஷம் ராஜாவாக ஆடியவர் கள்ளுக் குடிக்கத் தவறணைக்குப் போய்விட்டதால், ஊரே அவருடைய வரவைத் தொண்டை கட்டும்வரை படித்தது. வராத பாத்திரத்தை விட்டுவிட்டு அடுத்த பாட்டுக்குப் போன அண்ணாவி மன்னார்த் தீவில் பிறக்கவில்லை.

பாஷை விளங்காத யேசுதாசனுக்கு மினோரியின் பாட்டு அச்சொட்டாக வரவுப் பாட்டாகத்தான் கேட்டது. இழுப்பு அப்படி, தாளம் அப்படி. “பிள்ளை தனியப் படிக்குது, பார்த்துக்கொண்டு நிக்கிறியளோ?” என்று ஆட்களை அதட்டிவிட்டுத் தானே பிற்பாட்டு எடுத்தார். மத்தளம் சேர்ந்தது. மினோரி திகைத்துப்போய் நிறுத்தப் பார்த்தாள். அவர் விடவில்லை, “ஆள் வருமட்டும் படி பிள்ளை” என்று கையைக் காட்டிக் காட்டித் திருப்பிப் படிக்கவைத்தார். இப்படி ஊர் கூடிப் பெயர் சொல்லி அழைத்தால் யார்தான் வராமல் இருப்பார்கள். பாட்டில் பெயர் ரெயிலுடையது, ரெயில் வந்தது.

அன்றைக்கே ஏறி மன்னார் போய்வந்தவர்கள் உண்டு. ஒரு கிழமைக்குள் அது வழக்கமாகிவிட்டது. பின்னேரம் மினோரி பாடுவாள், யேசுதாசனின் ஆட்கள் திருப்பிப் படிப்பார்கள், கடலிலிருந்து ரெயில் வரும். வெறும் பெட்டிகளோடு வந்து, மீன் பெட்டிகளும் சனமுமாக நிறைந்து, பேசாலை, மன்னார் என்று நின்று போகும். டீசல் கேட்காத ஒரே வாகனம் நாட்டில் அதுதான். ஸ்டேசன் மாஸ்டர் சிவரூபன் நேர்மையான மனிதர், மேலிடத்துக்கு அறிவித்தார். கால அட்டவணையில் இல்லாத ரெயில் வந்திருக்க முடியாது என்று பதில் வந்தது. அவர் விடாமல், அது நேரத்துக்கு வருகிறது ஐயா என்றார். அப்படியானால் அது நிச்சயமாக எங்களுடையது அல்ல என்று மேலிடம் ஃபோனை வைத்துவிட்டது.

ரெயில் இருந்தால் சங்கம் இல்லாமல் முடியுமா. ‘பாட்டு ரெயில் பாவனையாளர் சங்கம்’ உருவானது, தலைவர் யேசுதாசன். முதல் பெட்டியில் கோயில் சபைக்கும் பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் இடம் ஒதுக்கினார்கள், இரண்டாவதில் அவர்களுடைய மைத்துனர்மாருக்கு. மினோரிக்குச் சளி பிடித்த நாளில் ரெயில் வரவில்லை. அவள் இல்லாமல் தாங்களே படித்துப் பார்த்தார்கள், கடலுக்குள் கூ என்று ஒரு சத்தம் கேட்டதோடு சரி. அடுத்த நாளே தீர்மானம் நிறைவேறியது: ஊரில் எந்தக் கடைக்காரரும் மினோரிக்கு ஐஸ்கிறீம், குளிர்ச் சோடா விற்கக்கூடாது. வீட்டுக்கு வீடு மல்லித் தண்ணி அவித்துக் கொண்டுவந்து, குடித்து முடிக்கும்வரை முன்னால் நின்றார்கள். ஆறு மாதத்துக்கு வந்த பிள்ளை வருஷம் தாண்டியும் திரும்பவில்லை. அவள் விசாவை நீட்டிக்கத் தீவில் மூன்று சமயத்தவரும் ஒற்றுமையாக ஒரே மனுவில் கையெழுத்து வைத்தார்கள். வேறெதற்கும் அப்படி வைத்ததாக நினைவில்லை.

அவளுக்குத் தமிழ் வந்த பிறகு ஒரு நாள், பாட்டின் பொருள் என்ன என்று யேசுதாசன் பெருமையாகக் கேட்டார்.

“ரெயில் போயிட்டுது. நான் நிக்கிறன். அவ்வளவுதான்” என்றாள் மினோரி.

அவருக்கு முகம் செத்துப்போனது. “போனதுக்கு ஆரும் வரவு படிப்பினமோ? உது ஒப்பாரி அல்லோ?”

சங்கம் அவசரமாகக் கூடியது. நீண்ட விவாதத்துக்குப் பிறகு, இந்த விஷயத்தை ரெயிலுக்குத் தெரியவிடக்கூடாது என்று ஏகமனதாக முடிவெடுத்தார்கள். ஸ்டேசன் எல்லைக்குள் பாட்டின் பொருளைத் தமிழில் பேசுவது அன்றிலிருந்து தடை.

ஜப்பான் கம்பனிக்கும் செய்தி எட்டியது. மத்தளமும் சக்கரச் சத்தமும் சேர்த்து ஒலிப்பதிவு செய்து வெளியிட்டார்கள், முன்னையதைவிடப் பெரிதாக ஓடியது. அவளுடைய சோகம் முதிர்ந்துவிட்டது என்று அங்கே ஒரு விமர்சகர் எழுதினார். முகக்கவசம் அணிந்த ஜப்பான் இளைஞர்கள் சோடி சோடியாக வந்து ரெயிலைக் குனிந்து வணங்கி, மீன் பெட்டிகளுக்கு நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு சொல்லும் மாற்றவேண்டாம் என்று கம்பனி அவளுக்குச் சொன்னது. சங்கமும் அதையேதான் சொன்னது. மினோரிக்கு இப்போது இருபத்திரண்டு வயது. பதினேழு வயதுப் பிள்ளையின் சட்டையை ஒவ்வொரு பின்னேரமும் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போவது மாதிரி இருந்தது அவளுக்கு. ‘என்னை யாருக்கும் தெரியாது’ என்று பாடிக்கொண்டே கூட்டத்தில் தெரிந்தவர்களுக்குத் தலையசைத்தாள். சில நாட்களில் இரவுக்கு என்ன கறி என்று யோசித்துக்கொண்டே பாடினாள். ரெயில் எப்போதும்போல் வந்தது. பாட்டு மனதிலிருந்து வரவேண்டும் என்று சொல்கிறவர்கள் ஒருக்கால் இங்கே வந்து பார்த்திருக்கவேண்டும்.

புதுப் பாட்டுகளும் கட்டினாள். பூனையைப் பற்றி ஒன்று, விடிய விடியத் திறந்திருக்கும் பட்டணத்துக் கடையின் வெளிச்சத்தைப் பற்றி ஒன்று. ஊர் மரியாதையோடு கேட்டது. “இது எதைப் பிள்ளை கொண்டுவரும்?” என்றும் கேட்டது. பூனைப் பாட்டுக்கு ஒன்றும் வரவில்லை, வெளிச்சப் பாட்டுக்கு நுளம்பு வந்து கடித்தது. யேசுதாசன்தான் எரிந்து விழுந்தார். “நான், நான், நான் எண்டு எத்தினை வரவு? ஆர் நீ எண்டு எங்களுக்கு விளங்கீட்டுது. வந்து நிண்டுகொண்டே இருந்தா, மற்றவன் எப்ப மேடைக்கு வாறது?” மினோரிக்கு ஆத்திரம் வந்து, ஐஸ் விக்கிறவருக்குப் பாட்டில் என்ன தெரியும் என்று சிவராணியிடம் அழுதாள். சிவராணி சோற்றைப் போட்டுக் கொடுத்தார்.

ஆனால் அதற்குப் பிறகு ஒன்றை அவள் கண்டாள். ரெயில் வந்து நின்றதும் ஊர் முழுவதும் கதவுகளை நோக்கி இடித்துக்கொண்டு ஓடும். சிவராணி மட்டும் ஓடுவதில்லை. வேலைச் சீலையோடு சற்றுத் தள்ளி நின்று, ஒவ்வொரு கதவாகப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவார். மற்றவர்களுக்கு வழிவிடுகிறார் என்றுதான் மினோரி இத்தனை நாளும் நினைத்திருந்தாள். ஒரு நாள் கேட்டுவிட்டாள்.

“ஏறுறதுக்கு நிறையப் பேர் இருக்கினம் பிள்ளை,” என்றார் சிவராணி. “ஆராவது இறங்கினாப் பார்க்க ஒராள் வேணுமே.”

அவருடைய மகன் பிரசாந்தன் பத்தொன்பது வயதில் அவுஸ்திரேலியாவுக்கென்று களவாகப் படகேறிப் போனவன். படகு எங்கே போனதென்று பன்னிரண்டு வருஷமாகத் தகவல் இல்லை. ரெயில் கடலிலிருந்து வருகிறது, மகன் கடலுக்குள் போனான். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஊரில் ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை, மீன் பெட்டி ஏற்றவேண்டியிருந்தது. மினோரி அன்றிரவு சாப்பிடவில்லை. தன்னுடைய பாட்டை இரண்டு வருஷமாக ஒரு தாய் அருகில் நின்று கேட்டிருக்கிறாள், அதில் தன் மகனுக்கு ஒரு வரி இருக்குமோ என்று தேடியிருக்கிறாள், அதில் இருந்ததெல்லாம் மினோரிதான். அவளுக்கு வெட்கமாக இருந்தது, வெட்கத்தைவிடத் துக்கமாக இருந்தது.

மறுநாளிலிருந்து கேட்கத் தொடங்கினாள். அன்ரி, அவன் எப்பிடி நடப்பான்? என்ன சாப்பிட மாட்டான்? கோபம் வந்தா என்ன செய்வான்? கருவாட்டைப் புரட்டிப் போட்டபடி சிவராணி சொன்னார், சொல்லும்போது சிரித்தார், சில நேரம் சொல்லாமல் எழும்பிப் போனார். நல்ல பிள்ளை, அம்மாவில் பாசம் என்ற வரிகளை மினோரி வெட்டி எறிந்தாள், அவை எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தும். மாதக்கணக்கில் கட்டினாள். தமிழில்தான் கட்டினாள், மெட்டு மட்டும் ஜப்பானிலிருந்து வந்தது. ‘நான்’ என்ற சொல் அதில் எங்கும் இல்லை, அதை அவளே கடைசியில்தான் கவனித்தாள்.

வலக்கால் சற்று இழுத்து வாறான்,
வாசல் தாண்டமுன் செருப்பை எறிவான்,
பச்சை மிளகாய் பொறுக்கி வைப்பான்,
பாதிச் சோற்றில் எழும்பிப் போவான்,
பின் பொக்கற்றில் சீப்பு வைத்த
பிரசாந்தன் வாறான், வழி விடுங்கோ.

பிற்பாட்டு இல்லாமல் வரவு இல்லை. ஆகவே அவள் யேசுதாசனிடம் போனாள். சங்கம் கதிகலங்கிப்போனது. ரெயில் கோபித்துக்கொண்டால் என்ன செய்வது, கொழும்புக்கு மீன் எப்படிப் போவது, டயலிசிஸுக்கு மன்னார் ஆஸ்பத்திரி போகிறவர்கள் என்ன செய்வார்கள். அந்தக் கடைசிக் கேள்வியில் நியாயம் இருந்தது, மினோரிக்கும் அது குத்தியது. போதாக்குறைக்கு, இரண்டு வருஷமாக ஓடுகிற ரெயிலைத் திறந்துவைக்கப் பிரதி அமைச்சர் ஒருவர் வருவதாக இருந்தது. “வீட்டில வைச்சு என்னத்தையும் படி பிள்ளை,” என்று யேசுதாசன் கெஞ்சினார். “ஸ்டேசனில வேண்டாம். எங்கட ஆக்கள் ஒருத்தரும் திருப்பிப் படிக்க மாட்டினம். இது முடிவு.”

திறப்பு விழா நாளில் தண்டவாளத்துக்குக் குறுக்கே ரிபன் கட்டியிருந்தார்கள். பிரதி அமைச்சர் வெள்ளைத் துணி போர்த்த கதிரையில் கத்தரிக்கோலோடு இருந்தார். மினோரி கிற்றாரை எடுத்தாள். பாடினாள், புதுப் பாட்டைத்தான். முதல் வரி முடிந்ததும் எல்லோரும் யேசுதாசனைப் பார்த்தார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார், சங்கத் தலைவர் அல்லவா. ஆனால் முப்பது வருஷமாக எந்த வரவையும் பதில் இல்லாமல் விடாத வாய் அது. மனிதர் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருக்க, அவருடைய வாய் தானாகத் திறந்து, ‘வலக்கால் சற்று இழுத்து வாறான்’ என்று திருப்பிப் படித்தது. அண்ணாவி படித்த பிறகு ஆட்கள் சும்மா இருக்கலாமா. மத்தளக்காரன் டிலுக்சன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடித்தான், அவனும் பிரசாந்தனும் ஒரே வகுப்பு.

ஆள் வரவில்லை. திருப்பிப் படித்தார்கள். பொழுது சாய்ந்தது, பிரதி அமைச்சர் மணிக்கூட்டைப் பார்த்தார், செயலாளர் யேசுதாசனின் காதில் எதையோ சொன்னார். யேசுதாசன் அவரைக் கையால் ஒதுக்கிவிட்டு இன்னும் உரக்கப் படித்தார். சிவராணி மட்டும் பாடவில்லை, கைகளை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு கடலைப் பார்த்து நின்றார். பிறகு ரெயில் வந்தது. ரிபனை அறுத்துக்கொண்டு வந்து நின்றது. எல்லாக் கதவுகளும் மூடியிருக்க, ஒன்று மட்டும் திறந்தது. முழங்காலுக்கு மடித்த டெனிமோடு, வலக்காலைச் சற்று இழுத்தபடி பிரசாந்தன் இறங்கினான். அவனுக்கு இன்னும் பத்தொன்பது வயதுதான், மீசையும் அந்த அளவில்தான் இருந்தது.

சிவராணி அவனை மேலும் கீழும் பார்த்தார். “செருப்பு எங்கையடா?”

“கடல்ல போயிட்டுதம்மா.”

“புதுச் செருப்படா அது” என்று முதுகில் ஒன்று வைத்தார். பிறகு அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஸ்டேசன் அதிரும்படி அழுதார்.

ரெயில் ஒருவரையும் ஏற்றாமல் போய்விட்டது. அதற்குப் பிறகு பழைய பாட்டுக்கு அது வரவே இல்லை. ஊர் ஒரு கிழமை சந்தோசப்பட்டது, அடுத்த கிழமை முணுமுணுக்கத் தொடங்கியது. ஒரு பெடியனுக்காக ஊர் ரெயிலையே இழந்தோம் என்றார்கள் மைத்துனர்மார். டயலிசிஸ்காரரை யேசுதாசன் தன்னுடைய ஐஸ் லொறியில் காசு வாங்காமல் கூட்டிப்போனார், லொறிக்குள் குளிர் அதிகம் என்று அவர்களும் முறைப்பாடு சொன்னார்கள். பிரசாந்தனுக்கு அடையாள அட்டை எடுக்கப் போனபோது, பிறப்பு அத்தாட்சியின்படி இவருக்கு முப்பத்தொன்று, முகத்தின்படி பத்தொன்பது, எதைப் போடுவது என்று அதிகாரி கேட்டார். இரண்டுக்கும் நடுவில் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார்கள். ஜப்பான் கம்பனி புதுப் பாட்டை வாங்க மறுத்தது. கேட்பவர்கள் பாட்டில் தங்களைத்தான் தேடுவார்கள், இந்தப் பெடியன் யார் என்று கேட்டது. அவனை எனக்குத் தெரியும் என்று மட்டும் மினோரி பதில் சொன்னாள், ஒப்பந்தம் அத்தோடு முடிந்தது.

இப்போது சிவராணியின் வளவில் எந்த நாளும் ஆட்கள் இருக்கிறார்கள். பேசாலை, வங்காலை, கொண்டச்சி என்று பல இடங்களிலிருந்து பெண்கள் படங்களோடு வருகிறார்கள். மினோரி படங்களை வாங்குவதில்லை, கேள்விதான் கேட்கிறாள். எல்லோருக்கும் ரெயிலில் ஆள் வந்துவிடுவதில்லை. ஒருவருக்குக் கட்டியது இன்னொருவருக்குச் செல்லாது, ஒவ்வொன்றையும் அடியிலிருந்து கட்டவேண்டும். போன வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்த பிறகு எருக்கலம்பிட்டியிலிருந்து ஆமினா வந்தார். அவருடைய கணவர் ஜவாஹிர் தோணியோடு போய் வராமல்போன காலத்தில் பிரசாந்தன் பிறந்திருக்கவே இல்லை. எப்படி நடப்பார் என்று மினோரி கேட்டாள். ஆமினா நெடுநேரம் யோசித்தார்.

“மறந்துபோச்சு மகள்” என்றார். நடை இல்லாமல் வரவு கட்ட முடியாது என்பது யேசுதாசனுக்குத் தெரியும், அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மினோரி அவசரப்படாமல் காத்திருந்தாள்.

“அவர்ட தும்மல் சொல்லட்டா?” என்றார் ஆமினா திடீரென்று. முந்தானையைச் சரிசெய்துகொண்டு, மூக்கைச் சுளித்து, தோளைத் தூக்கி, ஊர் கேட்கத் தும்மினார். ஜவாஹிர் மூன்று தும்மியதும், தீர்ந்ததென்று அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிடுவாராம், அதற்குப் பிறகு எப்போதும் நாலாவது ஒன்று வருமாம், கல்யாணம் முடித்த நாளிலிருந்து ஒருமுறையும் அவருக்குக் கணக்குச் சரிவந்ததில்லையாம். வளவு சிரித்தது, ஆமினாவும் சிரித்தார், கண்ணையும் துடைத்தார். மினோரி கிற்றாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, “இன்னொருக்காத் தும்முங்கோ” என்றாள். ஆமினா தும்மினார். யேசுதாசனும் ஆட்களும் திருப்பித் தும்மினார்கள். மூன்று முறை தும்மி, அல்ஹம்துலில்லாஹ் என்று நிறுத்தினார்கள்.

இறங்குதுறைப் பக்கத்திலிருந்து நாலாவது தும்மல் கேட்டது. ஸ்டேசன் மாஸ்டர் சிவரூபன் திறப்புக் கொத்தை எடுத்துக்கொண்டு ஸ்டேசன் கேற்றைத் திறக்கப் போனார்.